படியோலையும் மூலவோலையும்: அழியாத எழுத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழில் சுவடிகளின் வரலாறு பெரும்பாலும் இழப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. கறையான் தின்றது, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போனது, அடுப்பில் எரிந்தது என்று நீளும் ஒப்பாரி அது. 1981ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அந்த ஒப்பாரி தெளிவான அரசியல் உள்ளடக்கத்தைப் பெற்றது. ஒப்பாரி நியாயமானதுதான். ஆனால் அதன் சத்தத்தில் இன்னொரு வரலாறு எழுதப்படாமலே போய்விட்டது. அழிந்திருக்க வேண்டிய எழுத்து அழியாமல் நின்று மனிதர்களை என்ன செய்தது என்கிற வரலாறு.

எங்கள் பக்கத்துச் சம்பவம் ஒன்றிலிருந்து தொடங்கலாம். ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி அங்கே போனார். வரதுங்கராம பாண்டியனின் ஏடுகள் கோவிலில் இருந்ததாகக் கேள்விப்பட்டுத்தான் போனார். போய்ச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த பதில்: பழுதுபட்ட ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து அக்கினியில் ஆகுதி செய்தாயிற்று. அவர் மனம் எரிந்ததைத் தன் வரலாற்றிலேயே எழுதியிருக்கிறார். தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதைக் கேட்டு உச்சுக்கொட்டாதவர்கள் கிடையாது. நானும் கொட்டினேன்.

இப்போது அதை வேறுவிதமாக வாசிக்கத் தோன்றுகிறது. அங்கே எரிந்தது என்ன என்பதை விட்டுவிட்டு, எரித்த முறையைப் பார்ப்போம். எழுத்தை அழிப்பதற்கு ஒரு விதி இருந்திருக்கிறது. எதை, எப்போது, யார், எப்படி என்பதற்கெல்லாம் பதில் வைத்திருந்த விதி. யார் என்கிற கேள்விக்கு அது கொடுத்த பதில் சாதி சார்ந்தது, அதிகாரம் சார்ந்தது; அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் எழுத்து என்பது கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகிற பொருள் அல்ல என்கிற உணர்வு அதற்குள் இருந்தது. நம்மிடம் அந்த உணர்வாவது இருக்கிறதா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஏதாவதொரு காயலாங்கடைக்குள் போய்ப் பாருங்கள். உடைந்த மின்விசிறி, தண்ணீர் மோட்டார் இவற்றுக்கு நடுவில் கம்ப்யூட்டர் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும். 2011ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்கள், முதல்வர் படம் ஒட்டியபடியே வந்து சேர்ந்திருக்கும். எல்லாம் கிலோக் கணக்கு. முன்பு வடை மடித்துக் கொடுத்த தாளில் யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு இருக்கும். யாரோ ஒரு பையனின் காலாண்டுப் பரீட்சை விடைத்தாள் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கோடு படித்துவிட்டுக் கசக்கிப் போட்டுவிடுவோம். அது ஒரு தாள். இது ஒரு முழு வீடு. அந்தப் பெட்டிக்குள் ஒரு குடும்பத்தின் ஆதார் நகலும், சாதிச் சான்றிதழும், கல்யாணப் படங்களும், காதல் கடிதங்களும், வங்கிக் கணக்கு எண்ணும் உட்கார்ந்திருக்கின்றன. விற்றவர் 'எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் கொடுத்தேன்' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அழித்தது எது என்பதுதான் பிரச்சினை.

2

இந்தப் பிரச்சினைக்குத் தமிழ் மரபுக்குள்ளேயே ஒரு மூலக்கதை இருக்கிறது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் சொன்ன சுந்தரர் கதை. கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வருகிறார். மாப்பிள்ளை தன் அடிமை, அவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை தன்னிடம் இருக்கிறது என்கிறார். நம்பியாரூரர் பாய்ந்து அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்து எறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. அங்கே கிழவர் நிதானமாகச் சொல்கிறார்: கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சபை அதோடு விடவில்லை. பாட்டனின் கையெழுத்துத்தானா என்று பார்க்க, காப்பிலிருந்த அவருடைய வேறோர் எழுத்தை வரவழைத்து ஒப்பிடுகிறது. எழுத்து ஒத்துப்போகிறது. ஆரூரர் அடிமையாகிறார்.

சைவ வாசிப்பில் இது தடுத்தாட்கொள்ளல், அருளின் கதை. கொஞ்சம் தள்ளி நின்று வாசித்தால், ஆவணத்தின் கதை. தனிமனிதன் ஆவேசத்தில் கிழிக்க முடிவது எப்போதும் படியோலையைத்தான். மூலவோலை இன்னொருவர் கையில் இருக்கிறது. அதைச் சரிபார்க்க இன்னொரு கிட்டங்கி இருக்கிறது. அதன் சாவி சபையிடம் இருக்கிறது. எழுதியவன் செத்து இரண்டு தலைமுறை ஆகியும் எழுத்து ஆளைப் பிடிக்கிறது. ஆரூரருக்கு அது கடவுளாக இருந்ததால் தப்பித்தார். கந்துவட்டிக்காரன் கையிலோ பண்ணையார் கையிலோ இருந்த ஓலைகளால் தப்பிக்க முடியாமல் போனவர்களுக்குப் புராணம் கிடையாது.

தெரிதா 1994ல் ஆவணக்காப்பகம் பற்றிப் பேசியபோது, அந்தச் சொல்லின் கிரேக்க வேர் ஆட்சியாளர்களின் வீட்டைக் குறிப்பது என்பதிலிருந்து தொடங்கினார். ஆவணம் இருக்கும் வீடே அதிகாரத்தின் வீடு என்பது அவர் சொன்னதன் சாரம். திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது.

3

கம்ப்யூட்டருக்கு வருவோம். ஹார்டு டிஸ்க் என்பது காந்தப் பூச்சு பூசிய வட்டு. அதில் ஒரு கோப்பை எழுதும்போது இரண்டு காரியம் நடக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் வட்டின் ஏதோ சில இடங்களில் பதிகிறது. எந்தெந்த இடம் என்பது ஓர் அட்டவணையில் குறிக்கப்படுகிறது. நூலகத்தில் புத்தகமும் அட்டைப் பெட்டியும் போல. 'டெலிட்' கொடுத்தால் அட்டை கிழிபடுகிறது, புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது. குப்பைத்தொட்டியைக் காலி செய்தாலும் அதேதான். 'ஃபார்மட்' கொடுத்தாலும் பல சமயம் அட்டைப் பெட்டியை மாற்றி வைப்பதோடு சரி. அலமாரியில் அந்த இடத்தில் வேறு புத்தகம் வந்து உட்காரும்வரை பழையது அங்கேதான். கொஞ்சம் பயிற்சியும் இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளும் இருந்தால் எடுத்துவிடலாம்.

ஃப்ராய்ட் 1925ல் குழந்தைகளின் எழுதுபலகை ஒன்றைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். மெழுகுப் பலகை, மேலே ஒரு மெல்லிய தாள். எழுதிவிட்டுத் தாளைத் தூக்கினால் எழுத்து மறைந்துவிடும். ஆனால் அடியில் மெழுகில் கீறல் இருக்கும். சரியான வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம். நினைவு இப்படித்தான் இயங்குகிறது என்றார் அவர். நனவிலிக்கு அவர் தேடிய உவமை இன்றைக்குக் கிலோக் கணக்கில் விற்பனையாகிறது.

இதை நிரூபித்துக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இருவர் பழைய சந்தையில் 158 ஹார்டு டிஸ்குகளை வாங்கி ஆராய்ந்து 2003ல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129 வட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12. மற்றவற்றில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள், மருத்துவக் குறிப்புகள், அந்தரங்கக் கடிதங்கள். ஒரு வட்டு பணம் எடுக்கும் இயந்திரத்திலிருந்து வந்தது. 2009ல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்துக்காகக் கானா நாட்டுச் சந்தையில் வாங்கிய வட்டு ஒன்றில் அமெரிக்க ராணுவ ஒப்பந்த நிறுவனத்தின் கோப்புகள் இருந்தன. மார்கன் ஸ்டான்லி வங்கி தன் பழைய கணினிகளை அகற்றும் வேலையை, இந்த விஷயத்தில் எந்த அனுபவமும் இல்லாத, சாமான் ஏற்றிச்செல்லும் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தது. வட்டுகள் உள்ளே இருந்த தகவலோடு இணையத்தில் ஏலத்துக்கு வந்தன. 2020ல் 6 கோடி டாலர், 2022ல் 3.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. முதலாளியத்தின் பெரிய வங்கியே இப்படி என்றால் நம்மூர்ச் சீட்டுக் கம்பெனியை என்ன சொல்ல.

4

உலகக் கதை இருக்கட்டும். அழியாத தகவல் ஒரு சமூகத்தின்மேல் எப்படி உட்காரும் என்பதற்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நமக்குச் சாட்சியம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, பேரையூர் தாண்டினால் பெருங்காமநல்லூர். 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர்களைப் பதிவுசெய்ய அரசாங்கம் வந்தது. மக்கள் அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். இந்தப் பெயரில் ஒரு கூர்மையான அரசியல் அறிவு இருக்கிறது. சட்டத்தில் எத்தனையோ கொடுமைகள் இருந்தன. இரவில் ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும், காவலர் கண்ணெதிரில் படுக்க வேண்டும். அத்தனையிலும் அவர்கள் பெயராகப் பிடித்துக்கொண்டது பதிவை. விரலை ஒருமுறை மையில் ஒற்றிக் கொடுத்துவிட்டால் பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி ரேகை கொடுக்க மறுத்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பலர் செத்தார்கள்.

1947ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தானது. 1952ல் நாடு முழுவதும் ரத்தானது. 1948லேயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வேறு பெயரில் வந்துவிட்டது. சட்டம் ரத்தானது என்றால் என்ன பொருள்? அட்டை கிழிக்கப்பட்டது. அலமாரியில் புத்தகம்? 'கேடி' என்கிற சொல்லைக் கேட்டுப் பாருங்கள். போலீஸ் பதிவேட்டில் 'நோன் டெப்ரடேட்டர்', அதாவது அறியப்பட்ட கொள்ளையன், என்பதன் முதலெழுத்துகள் அவை என்பார்கள். சினிமாவில் வில்லனுக்கு அடைமொழியாகி, வீட்டில் பிள்ளையைத் திட்டுகிற செல்லச் சொல்லாகவும் ஆகிவிட்டது. பதிவேட்டின் ஒரு குறியீடு மொழியின் மெழுகுக்குள்ளேயே இறங்கிவிட்டது. இதை எந்த ரத்துச் சட்டத்தால் அழிப்பது?

பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920ல் கைதிகளை அடையாளப்படுத்தும் சட்டமும் வந்தது. நூற்றிரண்டு வருஷம் கழித்து 2022ல் அதன் இடத்தில் புதிய சட்டம். ரேகையோடு கருவிழிப் பதிவும் உயிரியல் மாதிரிகளும் சேர்ந்தன. எடுத்த தகவலை 75 வருஷம் மின்னணு வடிவில் வைத்திருக்கலாம். விடுதலையானவர்களின் பதிவை அழிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது; நீதிமன்றம் காரணம் எழுதி வேண்டாம் என்றால் அழிக்க வேண்டியதில்லை. அப்படியே அழித்தாலும், அழிந்தது படியோலையா மூலவோலையா என்று யார் போய்ப் பார்ப்பது?

5

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். வர வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிடு என்பது நம் முழக்கமாக இருக்க முடியுமா? அழிப்பதில் மிகப் பெரிய கெட்டிக்காரன் அரசுதானே? பிரிட்டன் தன் காலனிகளை விட்டுப் போகும்போது தனக்குச் சங்கடம் தரக்கூடிய கோப்புகளைத் திட்டமிட்டு எரித்தது. பெட்டியில் கனம் கட்டி ஆழ்கடலில் மூழ்கடிக்கவும் அறிவுறுத்தல் இருந்தது. லண்டனுக்குக் கொண்டுபோய் ஒளித்துவைத்தவை 2011ல், கென்யாவின் மாவ் மாவ் போராளிகள் தொடுத்த வழக்கில்தான் வெளியே வந்தன. கிழக்கு ஜெர்மனியில் உளவுத்துறை ஸ்டாசி 1989 இறுதியில் கோப்புகளைக் கையால் கிழிக்கத் தொடங்கியபோது, மக்கள் அலுவலகங்களுக்குள் புகுந்து தடுத்தார்கள். கிழிந்த துண்டுகள் ஆயிரக்கணக்கான சாக்குகளில் மிஞ்சின. 1991ல் அவரவர் கோப்பை அவரவர் வாசிக்கும் உரிமை சட்டமானது.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. பீமா கோரேகான் வழக்கில் 2018ல் கைப்பற்றப்பட்ட ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த ஆர்செனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க நிறுவனம், அதிலிருந்த குற்றம் சாட்டும் கடிதங்கள் வெளியிலிருந்து ஊடுருவிப் பதிக்கப்பட்டவை என்று 2021ல் அறிக்கை கொடுத்தது. வட்டில் தங்கியிருந்த தடயங்களை வைத்தே அந்த முடிவுக்கு வந்தார்கள். துடைத்த வட்டாக இருந்திருந்தால் அந்தச் சாட்சியமும் போயிருக்கும்.

ஆக, அழிப்பது நல்லதா கெட்டதா என்று பொதுவில் கேட்பதில் பயனில்லை. அழிக்கிற அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். பலவீனமானவனைப் பற்றிய பதிவு நிற்கிறது. பலமுள்ளவன் செய்ததன் பதிவு கரைகிறது. 'இழிபுகழ் மாந்தர்' பற்றி ஃபூக்கோ 1977ல் எழுதியபோது சொன்னது நினைவுக்கு வருகிறது. அதிகாரத்தோடு மோதிய ஒரு நிமிஷத்தில் எழுதப்பட்ட சில வரிகளைத் தவிர அந்த மனிதர்களின் வாழ்க்கையில் வேறெதுவும் நமக்கு மிஞ்சவில்லை.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பங்கீட்டை வெளிப்படையாகவே செய்திருக்கிறது. தேவை முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். கம்பெனிக்கும் சங்கத்துக்கும் பத்திரிகைக்கும் அந்தக் கடமை உண்டு. 17ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு அரசையும் அதன் அமைப்புகளையும் இந்தக் கடமையிலிருந்து விடுவிக்கிறது. இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிநபர் தகவல் என்ற பெயரில் அதிகாரிகள் பதில் மறுக்க வழி அகலமாக்கியிருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நம்முடைய மூலவோலை அவர்களிடம் இருக்கும். அவர்களுடைய ஓலையை நாம் பார்க்க முடியாது.

6

அதெல்லாம் சரி, காயலாங்கடைக்குப் போகிற கம்ப்யூட்டரை என்ன செய்வது?

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில். கோவிலை ஒட்டி வருகிற தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக ஊருக்குக் குடிதண்ணீராகிறது. 2021லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்றழைக்கப்படும் காடு அது. சாமிக்கு வைத்த பெயரிலேயே ஊரின் பயம் தெரிகிறது. தண்ணீருக்குக் காவல் வேண்டும். பழைய கம்ப்யூட்டரின் பற்றவைப்பில் ஈயம் இருக்கிறது. பழைய டப்பா மானிட்டரின் கண்ணாடியில் இன்னும் அதிகம். செம்புக்காக வயரை எரித்தால் டையாக்சின் புகை. தங்கத்துக்காகப் பலகையை அமிலத்தில் போட்டால் மிச்சம் ஓடைக்குப் போகும். 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்த மின்கழிவு விதிகள் இந்த நஞ்சைப் பற்றிப் பேசுகின்றன. ஆகவே ஆடிப்பெருக்கு முறையும் ஆகுதி முறையும் இங்கே செல்லாது. ஆற்றிலும் விடக்கூடாது, நெருப்பிலும் போடக்கூடாது. இரண்டு நஞ்சு இருக்கிறது. தண்ணீருக்குப் போகிற நஞ்சை முறையான மறுசுழற்சியாளரிடம் கொடுத்துத் தடுக்கலாம். ஆளுக்குப் போகிற நஞ்சை, கொடுப்பதற்கு முன்பே நாம்தான் தடுக்க வேண்டும்.

நாம் என்று நான் சொல்வது இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களை. சிறுபத்திரிகைக்காரர், தொழிற்சங்கத்துக்காரர், பெண்கள் அமைப்பு நடத்துகிறவர். நம் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? சந்தாதாரர் முகவரி இருக்கிறது. வெளியிட வேண்டாமென்று சொல்லி அனுப்பிய கடிதம் இருக்கிறது. மில்லில் வேலை செய்யும் பெண் பெயரோடு எழுதிக் கொடுத்த புகார் இருக்கிறது. சாதி மாறிக் கல்யாணம் செய்து வேறு ஊரில் ஒளிந்து வாழ்கிற ஜோடியின் முகவரி இருக்கிறது. அந்த முகவரி தவறான கைக்குப் போனால் என்னவாகும் என்பதைத் தென்மாவட்டத்தில் இருந்துகொண்டு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாம் ஃபூக்கோ பேசிக்கொண்டே அந்தப் பெட்டியை எடைக்குப் போடுகிறோம்.

தொழில்நுட்பம் கஷ்டமானதல்ல. பழைய காந்த வட்டு என்றால், முழு வட்டின் மேலும் வேறு எழுத்தை எழுதுகிற மென்பொருளை ஓட்ட வேண்டும். 1996ல் பீட்டர் கட்மன் 35 முறை எழுதச் சொன்னது அந்தக் காலத்து வட்டுகளுக்கு. இன்றைய வட்டுக்கு ஒருமுறை ஒழுங்காக எழுதினால் பொதுவாகப் போதும். எஸ்.எஸ்.டி., பென் டிரைவ், போன் ஆகியவற்றில் இது நம்பத் தக்கதல்ல. உள்ளிருக்கும் சில்லு எழுத்தை இடம் மாற்றி மாற்றி வைப்பதால் மேலெழுதாத மூலைகள் மிஞ்சும். வட்டிலேயே உள்ள முழு அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட நல்லது, முதல் நாளிலிருந்தே முழு வட்டையும் சங்கேதப் பூட்டுக்குள் வைத்துவிடுவது. சாவியை அழித்தால் உள்ளே இருப்பது வெறும் இரைச்சல். வட்டு ஓடவே இல்லையென்றால் கழற்றி, தட்டுகளைத் துளைத்து, வளைத்து உடைத்துவிட்டு (காந்தமில்லாத எஸ்.எஸ்.டி.யில் ஒவ்வொரு சில்லையும் நொறுக்க வேண்டும்) மீதிப் பெட்டியை மட்டும் கொடுக்கலாம். இயக்க வரலாற்றுக்கு வேண்டியவை என்று தோன்றுகிற அறிக்கைகள், கடிதங்கள் இருந்தால், சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு முன்னதாகவே பிரித்து நூலகத்திடம் சேர்த்துவிட வேண்டும். கேட்காமல் காப்பாற்றுவதும் ஒருவகை அபகரிப்புதான்.

அய்யனார் கோவில்களில் நேர்ந்துகொண்டு வைக்கிற மண்குதிரைகளைக் கவனித்திருப்பீர்கள். புதுக்குதிரை வரும்போது பழையதை யாரும் எடைக்குப் போடுவதில்லை. அது கோவில் காட்டுக்குள்ளேயே நிற்கிறது; காது உதிர்ந்து, கால் உதிர்ந்து, மழையில் கரைந்து மண்ணாகப் பல வருஷம் எடுத்துக்கொள்கிறது. யார் நேர்ந்து வைத்த குதிரை என்று ஊருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் போகும்போது அதுவும் போய்விடுகிறது. செய்கிறபோதே கரைவதற்கும் சேர்த்துச் செய்யப்பட்ட பொருள் அது. நம் அமைப்புகளின் உறுப்பினர் படிவம், புகார்ப் பதிவேடு, முகவரிப் பட்டியல் எதுவும் அப்படிச் செய்யப்படவில்லை. எழுதி வாங்குகிற அன்றைக்கே, இது எத்தனை வருஷம் இருக்கும், யார் அழிப்பார், அழித்ததை எழுதிக் கொடுத்தவருக்கு யார் சொல்வார் என்று தீர்மானம் எழுதிவைத்த அமைப்பு எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்க முடியுமா என்று தோழர்கள் யோசிக்க வேண்டும். அரசிடம் நம் மூலவோலையைத் திரும்பக் கேட்கப் போகிறவர்கள், நம்மை நம்பி ஓலை எழுதிக் கொடுத்தவர்களுக்கு முதலில் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.